மேற்குச் சரிவு போட்டவள்

கதவைத் திறந்துபோட்டுட்டுப் போனாளாம். அதைத்தானே குழாயடியில நின்னு எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்லுதிய? ஏட்டி ஜெபமலரு, நீ மொதல்ல சொல்லு. ஆனி மாசம் உன் வீட்டுக் கதவு சாத்துதா? தோளைக் கொடுத்து இடிச்சுத்தானே சாத்துதே? அதுலயும் பாதி நாள் ஒரு சாண் திறந்துதானே கெடக்கு? உன் வீட்டுக் கதவு திறந்து கெடந்தா அது சாரல். உமாராணி வீட்டுக் கதவு திறந்து கெடந்தா அது ஓடுகாலித்தனமா?

கேரளாக்காரன் லாரியில் ஏறிப் போனாள் என்று ஒரு பேச்சு. அவள் ஏறியது செங்கோட்டை போகிற டவுன் பஸ். ஏறும்போது பார்த்த கண் இந்தத் தெருவிலேயே நாலு ஜோடி உண்டு. புருசன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று இன்னொரு பேச்சு. கூரை மேல் உட்கார்ந்து ஓட்டை நோண்டியவள் என்று மூன்றாவது பேச்சு. நோண்டினாள்தான். இல்லை என்று யார் சொன்னது? என்னத்துக்கு நோண்டினாள் என்பதை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறக்கட்டும்.

உமாராணி பிறந்தது பாவூர்சத்திரம். அப்பன் காய்கறிச் சந்தையில் லோடு ஏற்றுகிறவர். பன்னிரண்டு வயதிலேயே லாரி உச்சிக்கு ஏறி, தக்காளிப் பெட்டி மேல் நின்று, கீழே இருந்து அப்பன் எறிகிற கயிற்றைப் பிடித்து மறுபக்கம் போடுவாள். உசரம் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. இருபது வயதில் இலஞ்சியில் வேல்சாமிக்கு வாக்கப்பட்டு வந்தாள்.

வேல்சாமி ஓட்டு வேலைக்காரன். குறை சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரன். அவன் போட்ட ஓட்டில் ஈர்க்கு நுழையாது என்று தென்காசி வரைக்கும் பேர். சுட்ட மண் ஓடு அல்லவா? ஒன்றோடு ஒன்றை நெருக்கி உட்காரவைத்தால் வெயிலுக்கும் அசையாது, மழைக்கும் அசையாது. கல்யாணமான மறுவருசத்திலிருந்து உமாராணி அவனோடு வேலைக்குப் போனாள். முதலில் ஓடு சுமந்தாள். பிறகு ஏணியில் நின்று எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். மூலை ஓடு வெட்டுகிறதில் அவனைவிட அவள் கை சுத்தம். வீட்டில் இருக்கும்போது, "இவ எனக்கு வலது கை" என்பான். வெளியே யாராவது கேட்டால், "சித்தாளு" என்பான். பத்தொன்பது வருசம் அப்படியே போயிற்று. மகள் நிவேதா திருநெல்வேலியில் விடுதியில் தங்கி நர்சுக்குப் படிக்கிறாள். ஒரு சண்டை, ஒரு சச்சரவு தெருவுக்கு வந்ததில்லை.

அவர்கள் வீட்டுக்கு வேப்பமரக் கதவு. சாரல் விழுந்த மூன்றாம் நாள் ஊதிக்கொள்ளும். வேல்சாமி வருசா வருசம் இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவுவான். அன்றைக்குச் சாத்தும். தை மாசம் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பல்லி போய்வரும். "சீவாதீங்க, காஞ்சா அதுவே சுருங்கிக்கிடும்" என்று உமாராணி சொல்லுவாள். அவன் கேட்கமாட்டான். அடுத்த ஆனியில் மறுபடியும் சீவுவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஹரிஹரசுப்பிரமணியன் சாருடைய கூரை வந்தது.

சார் பம்பாயில் பேங்கில் இருந்து ஓய்வு வாங்கி வந்தவர். குற்றாலம் போகிற ரோட்டு ஓரத்தில் பூர்வீகத் தென்னந்தோப்பு. அதில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்க நாலு அறையும், நடுவில் உட்கார்ந்து சாப்பிடப் பெரிய கூடமும் கட்டினார். பிளான் போட்டது சென்னையில் இருந்து வந்த தேஜஸ்வினி என்கிற பொண்ணு. கூடத்துக்குக் கான்கிரீட் வேண்டாம், தகரம் வேண்டாம், முழுக்க மர ஓடு என்று சொல்லிவிட்டாள்.

மர ஓட்டை இந்தப் பக்கத்தில் அதற்கு முன்னால் யார் பார்த்தது? கொச்சியில் கப்பல் இறங்கி லாரியில் வந்தது. ஒரு சாண் அகலம், ஒரு முழ நீளம், விரல் தடிமன்கூட இல்லாத பலகைத் துண்டு. கருஞ்சிவப்பு நிறம். தண்ணீரில் போட்டால் முங்கும். அவ்வளவு கெட்டி. நேராக ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். துளை போட்டுத்தான் இறக்கவேண்டும். மீன் செதிள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எந்த இடத்தில் குத்திப் பார்த்தாலும் மூன்று அடுக்கு இருக்கவேண்டும்.

தேஜஸ்வினி முதல்நாள் வந்து தானே பத்து ஓடு போட்டுக் காட்டினாள். "அண்ணா, பக்கத்துப் பக்கத்துல வைக்கும்போது நடுவுல நாலு மில்லிமீட்டர் கேப் விட்டே ஆகணும். இப்ப மரம் காஞ்சு கிடக்கு. உங்க சாரல்ல நனைஞ்சா அகலமாகும். இடம் இல்லன்னா ஒண்ணை ஒண்ணு தள்ளித் தூக்கிடும்."

அளவுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் துண்டு கொடுத்தாள். வேல்சாமி அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது அங்கேயே கிடந்தது.

உமாராணி கேட்டாள்: "எங்க வீட்டுக் கதவு மாதிரியா மேடம்?"

"அதேதான் அக்கா! கதவு மாதிரியேதான்."

அவ்வளவுதான், அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ரோட்டைப் பார்த்த கிழக்குச் சரிவு வேல்சாமிக்கு. "நாலு பேரு பாக்குத பக்கம் நான் போடுதேன். நீ பொறத்தால மலையப் பாத்துப் போடு" என்றான். சாரல் அடிக்கிறது மேற்கே இருந்து என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவனுக்கு ரோடுதான் முக்கியம்.

பிளாஸ்டிக் துண்டு இரண்டாம் நாளே உமாராணி கையிலிருந்து நழுவிப் புதருக்குள் விழுந்துவிட்டது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பழைய காலத்துக் கெட்டி ஊசி, இரண்டு கால் உள்ளது. இரண்டு காலையும் சேர்த்து ஓட்டுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஊசியை வைப்பாள், அடுத்த ஓட்டை அண்டக்கொடுப்பாள், ஆணி இறக்குவாள், ஊசியை உருவுவாள். மே மாத வெயிலில் இருபது நாள். வரிக்கு அறுபது ஓடு, இருபத்துநாலு வரி. ஒவ்வொரு இடுக்குக்கும் அந்த ஊசி போய்வந்தது.

கிழக்கே வேல்சாமி ஈர்க்கு நுழையாமல் நெருக்கிக்கொண்டே போனான். அவள் இரண்டு தடவை சொன்னாள். "ஒன் வேலையப் பாருளா" என்றான். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அது அவள் மேல் தப்பு. அதை அவளே ஒத்துக்கொண்டாள்.

முகட்டு மூடி மட்டும் பாக்கி இருக்கும்போது சார் வந்தார். மதியம் மூன்று மணி, வெயில் மேற்கே சாய்ந்த நேரம். கூடத்துக்குள் நுழைந்து மேலே பார்த்தார். கிழக்குப் பக்கம் கும்மிருட்டு. மேற்குப் பக்கம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். தரையெல்லாம் சில்லறையை இறைத்தமாதிரி வெயில் கிடந்தது.

"என்னப்பா இது? சல்லடையான்னா போட்டுவச்சிருக்கேள்?"

வேல்சாமி முகம் செத்துப்போயிற்று.

உமாராணி ஏணியில் நின்றபடியே சொன்னாள்: "சார், வெளிச்சம் நுழைஞ்சு வந்துரும், தண்ணி சரிஞ்சு ஓடிரும். ஒவ்வொரு இடுக்குக்கும் அடியில வேற ஓடு கெடக்கு. சாரல் விழட்டும், மரம் ஊதித் தானா மூடிக்கிடும்."

"சாரல்ல சோதிச்சுப் பாக்கவா நான் இவ்வளவு கொட்டியிருக்கேன்? ஆனி ஒண்ணாம் தேதி திறப்பு. பம்பாய்லேர்ந்து மனுஷா வரா. எலையில மழைத்தண்ணி சொட்டினா யார் பதில் சொல்றது?" தேஜஸ்வினிக்குப் போன் போட்டார். அவள் எங்கேயோ மலைமேல் வேலையில் இருந்தாள், போன் போகவில்லை.

"சரி பண்ணிருதேன் சார்" என்றான் வேல்சாமி.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தான். "பெரிய மனுசன் முன்னால என் மானத்த வாங்கிட்டியேளா. நாளைக்கு மரத்தூளையும் பசையையும் குழைச்சு அம்புட்டு இடுக்கையும் அடைக்கணும்."

"அடைச்சா ஊதுததுக்கு இடம் ஏது? தூக்கிரும்."

"பத்தொன்பது வருசம் எனக்கு ஓடு எடுத்துக் கொடுத்தவ எனக்குச் சொல்லித்தாரியோ?"

"நான் என்னத்தச் சொல்லித்தர? அந்தா நிக்கே கதவு, வருசா வருசம் அதுதான் சொல்லுது. நீங்கதான் அதைச் சீவிச் சீவி வாய அடைக்கிய."

அவன் சாப்பிட்டான், படுத்தான். மனசு மாறிவிட்டான் என்று அவள் நினைத்தாள். காலையில், "தென்காசிக்குப் போயி முகட்டுக்குத் துருப்பிடிக்காத ஆணி வாங்கிட்டு வந்துரு, கடையில சொல்லி வச்சிருக்கேன்" என்றான். போனாள். கடைக்காரர், "யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா, சரக்கே அடுத்த வாரந்தான்" என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். தோப்பு வாசலில் இறங்கி மேலே பார்த்தால், மேற்குச் சரிவில் மாரிச்செல்வமும் இன்னொருத்தனும் சட்டியும் கரண்டியுமாக உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாரிச்செல்வம் வேல்சாமியிடம் வெகுநாளாக வேலை பார்க்கிற கொத்தனார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான். "மைனி, என் மேல கோவிக்காதிய. அண்ணாச்சிதான் அடைக்கச் சொன்னாவ."

"எத்தனை வரி?"

"பதினொண்ணு முடிஞ்சுட்டு."

"இறங்குங்கலே ரெண்டு பேரும்."

இறங்கினார்கள். அவள் ஏறினாள். முகட்டில் கட்டியிருந்த கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். கொண்டை ஊசியை உருவினாள். முடி முதுகில் விழுந்தது. முதல் இடுக்கில் குத்தி இழுத்தாள். மேல் வரிப் பசை இன்னும் ஈரம், புட்டு மாதிரி வந்தது. விடிகாலையில் அடைத்த கீழ் வரிகள் இறுக ஆரம்பித்திருந்தன. அன்றைக்குப் பொழுது சாய்ந்தால் கல். அதன்பிறகு சாரல் வந்தால் இடுக்கில் கல்லை வைத்துக்கொண்டு மரம் ஊதும். பதினொரு வரி, வரிக்கு அறுபது. கையில் ஒரு ஊசி.

வேல்சாமி வந்தான். "இறங்குளா!"

"தோண்டி முடிச்சுட்டு இறங்குதேன்."

"நாலு பேரு பாக்காவ. இறங்கு."

"பாக்கட்டும்."

அவன் ஏணியைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் படுக்கப்போட்டான். "இருந்துக்கோ. நீயே இறங்குத வழியப் பாத்துக்கோ."

சாரம் முந்தின நாளே பிரித்தாகிவிட்டது. பதினாலு அடி உசரம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதுதான் நீங்கள் பார்த்தது. ரோட்டில் நின்ற கூட்டத்தில் ஜெபமலரும் உண்டு, "தலைவிரி கோலமா உக்காந்திருக்கா, என்னமோ புடிச்சிருக்கு" என்று சொன்னதும் உண்டு. அவள் கை என்ன செய்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நாலு வரி. ஓடு அடுப்புமாதிரி சுட்டது. முந்தானையை மடித்துப் போட்டு அதன்மேல் முட்டி போட்டாள். ஒரு மணிக்கு ஊசியின் ஒரு கால் வளைந்தது. சுத்தியலால் ஓட்டு மேலேயே தட்டி நிமிர்த்தினாள். கீழ் வரிகளில் ஊசி இறங்கவில்லை. ஆணியை வைத்துத் தட்டிப் பிளந்து, பிறகு ஊசியால் இழுத்தாள். தட்டும்போது ஓடு கீறிவிடக்கூடாது. கீறினால் அடைத்ததைவிட மோசம். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடியும் குத்தினாள்.

கீழே வேல்சாமி கொஞ்ச நேரம் கத்தினான். மூன்று மணிக்கு, "தண்ணி வேணுமாளா?" என்றான்.

அவள் அடுத்த இடுக்கில் ஊசியைக் குத்தினாள்.

"ஒன்னயத்தான் கேக்கேன்."

"ஏணியத் தாங்கன்னு கேட்டனா? தண்ணி தாங்கன்னு கேட்டனா?"

அவன் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு சரிவுக்கு அடியில் வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் அவள் கயிற்றின் நுனியைக் கீழே விட்டாள். அவன் கட்டிவிட்டான். அவள் இழுத்துக் குடித்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஏணியை எடுத்து வைத்திருந்தானானால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அவன் வைக்கவில்லை.

நாலரை மணிக்குக் காற்று மாறியது. தென்னை மட்டையெல்லாம் கிழக்கே பார்த்துச் சாய்ந்தது. மலையில் அருவி விழுகிற வெள்ளைக்கோடு தெரிந்துகொண்டிருந்ததா, அது மறைந்தது. பிறகு மலையே மறைந்தது. இன்னும் இரண்டு வரி.

முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. அவ்வளவு நேரம் பதறாதவள் அப்போது பதறினாள். மரம் நனைந்தால் பாசி பிடித்த படிமாதிரி வழுக்கும். வலது முட்டி நழுவி ஒரு முழம் கீழே போனாள். கயிறு இடுப்பை அறுத்து நிறுத்தியது. கீழே கூட்டம் "ஐயோ" என்றது. வேல்சாமி ஓடினான். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சாத்தினான். "போதும்ளா, வா. செத்துத் தொலைஞ்சுறாத."

"இன்னும் பன்னிரண்டு இடுக்கு."

ஏணியில் பாதியில் நின்று அவன் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அவள் பன்னிரண்டையும் தோண்டினாள். பிறகுதான் திரும்பினாள்.

சாரும் அதற்குள் வந்துவிட்டார். எல்லாரும் கூடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். டொப் என்று ஒரு சொட்டு. சார் துள்ளினார். "ஒழுகறதே!"

வேல்சாமி அவளைப் பார்த்தான். அவள் தலையிலிருந்து தண்ணீர் வடிய மேலே பார்த்தாள். "அது முகடு சார். முகட்டு மூடி இன்னும் போடல. சரிவப் பாருங்க."

பார்த்தார்கள். மேற்கே அடித்தது சாரல், முழுசாக அந்தச் சரிவில்தான் அடித்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம். ஒரு சொட்டு வரவில்லை.

மூன்று நாள் விடாமல் தூறியது. மூன்றாம் நாள் மேற்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. மரம் நெருங்கித் தானாக மூடிக்கொண்டது. நாலாம் நாள் காலை பத்து மணிக்குக் கிழக்குப் பக்கத்தில் ஓலைவெடி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்று. அப்புறம் வரிசையாக. ஊதின ஓடு ஒன்றை ஒன்று தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, பொரித்த அப்பளம்போல வளைந்து எழும்பிவிட்டது. ஒரு ஓடு சறுக்கி வந்து சார் கார் கண்ணாடியில் விழுந்தது. கூடத்துக்குள் அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டியது. ரோட்டைப் பார்த்த பக்கம் அல்லவா? குற்றாலம் போகிற பஸ்ஸெல்லாம் பார்த்துக்கொண்டு போயிற்று. திறப்பைத் தள்ளிவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் வேல்சாமி சொன்னான்: "அவ மேல உக்காந்து தட்டுன தட்டுல முகட்டுச் சட்டமே அசைஞ்சுபோச்சு. அதான் இந்தப் பக்கம் தூக்கிருச்சு."

யாரும் மறுத்துக் கேட்கவில்லை. கட்டின புருசனே சொன்னால் வேறென்ன வேண்டும்? மறுநாள் குழாயடியில் உமாராணி குடத்தை வைத்தபோது ஜெபமலர்தான், "என்னக்கா, கூரைய ஆட்டிப்புட்டியளாம்லா? உங்க வீட்டுக்காரவுகளே சொன்னாவ" என்றாள். உமாராணி குடம் நிறைகிறவரைக்கும் நின்றாள். ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனாள். அதுவும் பேச்சாயிற்று: பதில் சொல்ல வாயில்லை பாரு என்று.

தேஜஸ்வினி வெள்ளிக்கிழமை வந்தாள். மேலே ஏறினாள், இரண்டு பக்கமும் பார்த்தாள். கிழக்கே இருந்து ஓர் ஓட்டைக் கழற்றிக்கொண்டு வந்து சார் கையில் கொடுத்தாள். ஓரம் இரண்டும் நசுங்கி நார்நாராக இருந்தது. "இடமே விடல சார். சட்டம் எல்லாம் நல்லா இருக்கு, எதுவும் அசையல. இந்தப் பக்கத்தை முழுசாப் பிரிச்சு மறுபடி போடணும்." பிறகு கேட்டாள்: "வெஸ்ட் சைடு யார் போட்டது?"

வேல்சாமி தரையைப் பார்த்தான். "நாங்கதான் மேடம். ரெண்டு பேருமாச் சேர்ந்துதான்."

உமாராணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சார்தான் சொன்னார்: "இந்தம்மா போட்டது. ஏணி இல்லாம மேல ஒக்காந்து காப்பாத்தினதும் இந்தம்மாதான். நான்தான் தெரியாம சல்லடைன்னு சத்தம் போட்டு அடைக்க வெச்சுட்டேன்."

தேஜஸ்வினிக்குக் கேரளாவில் வாகமண் மலையில் ஆறு கூரை இதே மர ஓட்டில் போடவேண்டி நிற்கிறது. மூன்று மாச வேலை. "திங்கள்கிழமை வர்றீங்களா அக்கா? உங்க கையில நாலு பொண்ணுங்களைக் கொடுக்கிறேன், நீங்க மேஸ்திரி. தங்க இடம் இருக்கு."

"நாளை மறுநாள் சொல்லுதேன் மேடம்."

ஓடத் துடித்தவள் இப்படியா சொல்லுவாள்?

வீட்டுக்கு வந்து வேல்சாமிக்குச் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். "நான் வாகமண் போகல. இங்கனயே இருக்கேன். கிழக்குப் பக்கத்த நாம ரெண்டு பேருமே பிரிச்சுப் போடுவோம். கூலி கேக்காண்டாம், தப்பு நம்மளது. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. டீக்கடையில நின்னு நான் ஆட்டுனதால தூக்கிருச்சுன்னு சொன்னியள்லா? அதே டீக்கடையில நின்னு, மேக்குச் சரிவு அவ போட்டது, கிழக்கு என் கைத்தப்புன்னு சொல்லிருங்க. ஒரு தடவ போதும்."

அவன் தட்டில் கை கழுவினான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் டீக்கடைக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் போய் நின்றாள். வாங்க ஒன்றும் இல்லை. பருப்பு விலை கேட்டாள், புளி விலை கேட்டாள். வேல்சாமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் நிற்பது அவனுக்குத் தெரியாது. மாரிச்செல்வம் நல்ல மனசில்தான் எடுத்துக்கொடுத்தான்: "அண்ணாச்சி, மேடம் வந்து பாத்தாவளாமே? மேக்குப் பக்கத்த மெச்சுனாவளாமே?"

எல்லாரும் வேல்சாமி வாயைப் பார்த்தார்கள். உமாராணி புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை. ஆமாம்லே என்று சொன்னால்கூடப் போதும்.

வேல்சாமி டீயை உறிஞ்சினான். "பொம்பளைக்குப் பொம்பளதான பரிஞ்சு பேசும்" என்றான்.

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அவள் புளியைத் தராசிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காத்திருந்தாள், அவன் தனியாகவாவது ஏதாவது சொல்லுவானா என்று. சொல்லவில்லை. பொழுது அடங்குமுன் நிவேதாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை, "எம்மா, எனக்கு இங்கன ஒரு குறையும் இல்ல. நீ போயிட்டு வா" என்றது. அப்புறம், "அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றது. அதன்பிறகுதான் தேஜஸ்வினிக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றாள்.

திங்கள்கிழமை காலையில் சோறு வடித்துக் குழம்பு வைத்தாள். பையில் நாலு சேலை, சுத்தியல், ஆணிப்பை. வளைந்துகிடந்த ஊசியை அம்மியில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். முழுசாக நிமிரவில்லை. கொண்டை போட்டு அதைத்தான் செருகினாள்.

வேல்சாமி கதவுக்கு உள்ளே, நிலையை ஒட்டி உட்கார்ந்திருந்தான். கையில் இழைப்புளி. கதவு ஒரு வாரமாகச் சாத்தவில்லை. சீவ எடுத்து வைத்திருந்தான்.

"போனா அப்படியே போயிரு" என்றான் கதவைப் பார்த்து.

"ஆறு கூரை. முடிச்சுட்டு வருவேன். அதுக்குள்ள அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருந்தியன்னா வீட்டுக்கு வருவேன். இல்லன்னா பிள்ளையப் பாத்துட்டு அடுத்த வேலைக்குப் போவேன்." அவள் செருப்பை மாட்டினாள். "கதவச் சீவாதீங்க. தை மாசம் காத்து நுழையும்."

அவனைத் தாண்டி இறங்கினாள். இறங்கி, திரும்பி, கதவைப் பிடித்து இழுத்தாள். பாதி வந்து நின்றது. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு சாண் பாக்கி நின்றது, அதற்கு மேல் வரவில்லை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக வேல்சாமி பார்த்துக்கொண்டே இருந்தான், இழைப்புளி மடியில் கிடக்க.